சின்னப் பிள்ளைகளோடு வண்டிவீட்டில் குடியிருக்கலாமா? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவர், நான், நாலரை வயது மகள், பதினான்கு மாத மகன் என்று நாங்கள் நாலு பேர். சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கும் நாலறை வீட்டுச் சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நியூசிலாந்தில் ஒரு மோட்டார்ஹோமில் ஐந்து மாதம் குடியிருந்துவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், பாலர் பள்ளி வாசலில் காத்திருக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கேரவன்னா சினிமா நடிகருங்க ஷூட்டிங்ல உட்கார்ந்திருப்பாங்களே, அதுவா?

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் வண்டியில் குடியிருப்பவர்கள் பேச்சில் கேரவன் என்றால் எஞ்சின் இல்லாதது. காரின் பின்னால் கட்டி இழுத்துப்போவது. எஞ்சினும் வீடும் ஒரே வண்டியில் இருந்தால் அது மோட்டார்ஹோம். ஹையேஸ் மாதிரி ஒரு வேனுக்குள்ளேயே கட்டிலும் அடுப்பும் வைத்திருந்தால் கேம்பர்வேன்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கேரவன் என்றால் வண்டிகள் தங்கும் முகாமில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் கடைக்குப் போய்வரலாம். ஆனால் இழுக்கிற பெரிய கார் ஒன்று தனியாக வேண்டும். பின்பக்கமாக நிறுத்துவதும் ஒரு தனிக்கலை. நம்மில் பெரும்பாலோர் எதையும் இழுத்து ஓட்டிப் பழகாதவர்கள். அதனால் நாங்கள் மோட்டார்ஹோம் எடுத்தோம்.

சிங்கப்பூர்லயே ஒண்ணு வாங்கி ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போட்டுக்கலாமே, எதுக்கு அவ்வளவு தூரம்?

முதலில் காசு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஏலத்தில் 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) போனது. அதுவும் பத்து ஆண்டுக்குத்தான். வண்டி விலை, வரி எல்லாம் அதற்கு மேல்.

காசு இருந்தாலும் இடம் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் இரவு தங்க வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கி, ஒதுக்கிய இடத்தில் கூடாரம் போடலாம். அது வார இறுதிக்கு; குடியிருக்க அல்ல. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளின் கார்நிறுத்தத்தில் அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? நியூசிலாந்தில் ஊருக்கு ஊர் அதற்கென்று கழிவு ஊற்றும் இடமே இருக்கிறது. அங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டும்போது அது பெரிய நிம்மதி.

நாலு பேருக்கு எவ்வளவு பெரிய வண்டி வேணும்?

ஆறு மீட்டருக்கும் ஏழு மீட்டருக்கும் நடுவில். அதற்குக் கீழே போனால் மழைநாளில் ஒருவர் எழுந்து நிற்க மற்ற மூவரும் உட்கார வேண்டியிருக்கும். ஏழைத் தாண்டினால் ஊருக்குள் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். வடதீவின் வெலிங்டனுக்கும் தென்தீவின் பிக்டனுக்கும் இடையே மூன்றரை மணி நேரம் போகும் படகிலும் வண்டியின் நீளத்துக்குத்தான் கட்டணம்.

நீளத்தைவிட எடைதான் ஏமாற்றும். நாங்கள் வாங்கிய வண்டியின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. காலியாகவே 3,000-ஐ நெருங்கியிருந்தது. மீதி 500 கிலோ தாராளம் என்று நினைத்தோம். தண்ணீர்த் தொட்டி 100 கிலோ, டீசல் 60, இரண்டு எரிவாயு சிலிண்டர் 40, நாங்கள் நால்வர் 165. அரிசி மூட்டையை ஏற்றுவதற்கு முன்பே 365 கிலோ போய்விட்டது. பெரிய வண்டி வாங்கினால் போயிற்று என்றால், அங்கே 3,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு வேக வரம்பு 90 கி.மீ.; கனரக வண்டிகளுக்கான தகுதிச் சோதனையும் உண்டு. மகளின் மூன்று சக்கர சைக்கிளை மாமியாரிடமே விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவள் இன்னும் எங்களை மன்னிக்கவில்லை.

'சிக்ஸ் பெர்த்'னு விளம்பரத்துல போட்டிருக்கே, அப்ப ஆறு பேர் தாராளமா போகலாம்தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு பேர் தூங்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். வண்டி ஓடும்போது எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு கணக்கு. பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டிலை எண்ணக்கூடாது, பெல்ட்டை எண்ண வேண்டும்.

எங்களுக்குப் பட்டுத்தான் புத்தி வந்தது. கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு வீட்டு வாசலில் முதல் வண்டியைப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று, பூப்போட்ட திரைச்சீலையோடு இருந்தது. மகள் உள்ளே ஓடி 'இது என் ரூம்' என்று இடம்பிடித்துவிட்டாள். விலையும் பேசியாயிற்று. கணவருக்கு என்ன தோன்றியதோ, வாடகைக் காரிலிருந்து மகனின் கார் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த இருக்கைகளில் ஒன்று சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் இருந்தது. எதிரே இருந்ததில் இடுப்புப் பெல்ட் மட்டும், தோளுக்குக் குறுக்கே வருவது இல்லை. இன்னொன்றின் மெத்தையைத் தூக்கினால் அடியில் வெறும் ஒட்டுப்பலகை. கொக்கி மாட்ட இரும்பே இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். மகள் ஹோட்டல் வரை அழுதுகொண்டே வந்தாள்.

அதனால் முன்னோக்கிப் பார்க்கும் இருக்கை, இடுப்பையும் தோளையும் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட், வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்ட இரும்பு அடித்தளம், இந்த மூன்றும் பிள்ளைக்கு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு இருக்கையில் கார் சீட் மாட்டவே கூடாது. வண்டி பார்க்கப் போகும்போதே சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இங்க வாங்கின கார் சீட்டையே தூக்கிட்டுப் போகலாமா?

நியூசிலாந்துக்கு என்றால் பெரும்பாலும் சரி. ஐரோப்பியத் தர முத்திரை உள்ள சீட்டை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் விற்பவற்றில் பலவற்றில் அந்த முத்திரை இருக்கும். ஆஸ்திரேலியாவில் செல்லாது. அங்கே ஆஸ்திரேலிய–நியூசிலாந்துத் தரமான 1754 எண் உள்ள சீட்தான் வேண்டும். அதன் மேல்வாரை மாட்ட வண்டியில் தனிக்கொக்கியும் வேண்டும்.

இன்னொன்று. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குச் சீட் என்பது சட்டம். அங்கே வயதுக்கணக்கு: ஏழு வயது நிறையும் வரை கட்டாயம். டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போகிற நம் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட் இருக்கே, பிள்ளைங்களுக்கு ஜாலியா இருக்குமே?

ஜாலியாகத்தான் இருக்கும், விழும்வரை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே படுக்க வைக்காதீர்கள். இரவில் ஏணியில் இறங்கத் தெரியாது. எங்கள் வண்டியில் பின்னால் ஒரு நிரந்தரக் கட்டில் இருந்தது. அதில் குறுக்குவாட்டில் இருவரையும் படுக்க வைத்து, நடுவில் தலையணை வைத்து, ஓரத்தில் வலை கட்டினோம். மேலே ஏறியது நாங்கள். கணவருக்கு முதல் வாரம் முழுக்க நெற்றியில் புடைப்பு.

நிரந்தரக் கட்டில் என்று சொன்னதைக் கவனியுங்கள். பல வண்டிகளில் சாப்பாட்டு மேசையை இறக்கித்தான் கட்டில் ஆக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இருப்பவர்களுக்கு அது பரவாயில்லை. ஏழரை மணிக்குத் தூங்கும் பிள்ளை அந்த மேசைமேல் படுத்துவிட்டால், பெற்றோர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? இருட்டில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு கிசுகிசுக்க வேண்டியதுதான். பிள்ளைகள் தூங்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும் வேறுவேறாக இருக்கட்டும். நடுவே ஒரு திரைச்சீலை இருந்தால் அது அரண்மனை.

அந்த டாய்லெட் பெட்டியை யார் சுத்தம் பண்றது?

என் கணவர். அடுத்த கேள்வி என்று சொல்ல ஆசைதான், ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு. கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி இருக்கும், இருபது லிட்டருக்குள் பிடிக்கும். வெளிக்கதவைத் திறந்து உருவி, கழிவு ஊற்றும் இடத்தில் காலிசெய்து, அலசி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஊற்றும் குழாய் நீளமாகத் திரும்பக்கூடியதா, காற்றுத்துளைக்குப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'களக் களக்' என்று தெறிக்கும். மேல்விவரம் வேண்டாம்.

மகள் பயந்ததால் முதல் மாதம் அவளுக்குத் தனிப் பானைதான். மகனின் டயப்பர்களுக்கு மூடி இறுகும் ஒரு வாளியை வெளிப்பெட்டியில் வைத்துக்கொண்டோம். உள்ளே வைத்தால் வண்டி தாங்காது.

நம்ம சாப்பாடு சமைக்க முடியுமா? தாளிச்சா வண்டியெல்லாம் நாறாதா?

நாறும். மூன்றாம் நாள் ரசத்துக்குக் கடுகு வெடித்ததும் புகை எச்சரிக்கை மணி அலறி மகன் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான். அதற்காக மணியின் பேட்டரியைக் கழற்றி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலே கூரை ஜன்னலும் பக்கத்தில் ஒரு ஜன்னலும் திறக்கும் வண்டியாகப் பாருங்கள். தாளிப்பையும் பொரியலையும் நாங்கள் முகாம் சமையலறையில் முடித்துக்கொண்டோம். பல விடுமுறை முகாம்களில் பொதுச் சமையலறை உண்டு. வண்டிக்குள் குக்கர், பால், தோசை. கட்டிலும் அடுப்பும் ஒரு கை தூரத்தில் இருக்கும் வண்டியை எடுக்காதீர்கள். போர்வையில் ஏறிய வெங்காய வாசனை ஐந்து மாதமும் கூடவே வரும்.

மாவு பொங்குவது தனிக்கதை. டெக்காப்போ ஏரிக்கரையில் இட்லி மாவு இரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. கடைசியில் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, மாவுப் பாத்திரத்தோடு சேர்த்து சாமான்கூடையில் வைத்து மூடி, வெந்நீரை இரண்டு தடவை மாற்றி ஊற்றினேன். காலையில் மூடி தூக்கியிருந்தது. பக்கத்து வண்டி வெள்ளைக்காரப் பாட்டிக்கு ஆறு இட்லி கொடுத்தேன். அவர் ஜாம் தொட்டுச் சாப்பிட்டார். என்ன சொல்ல முடியும்?

கொண்டுபோகும் மசாலாப் பொடி, பருப்பு எல்லாவற்றையும் விமான நிலையத்தில் அறிவிப்புத் தாளில் எழுதிவிடுங்கள். உணவுப்பொருளை அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையும் தேனும் எடுத்துப்போகவே வேண்டாம்.

குளிர்ல பிள்ளைங்க தாங்குமா?

பிள்ளைகள் தாங்கிவிடும், வண்டிதான் அழும். மூடிய பெட்டிக்குள் நாலு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டால் ஈரம் எங்கே போகும்? கண்ணாடியிலும் கூரையிலும் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலை மூன்று மணிக்கு என் கன்னத்தில் சொட்டும். வண்டி ஒழுகுகிறது என்று முதலில் பயந்துபோனோம். நல்ல சூடேற்றி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இரவில் கூரை ஜன்னலை ஒரு விரல் திறந்து வைப்பது, மெத்தைக்கு அடியில் காற்றுப்போகப் பலகைச் சட்டம் என்று நாலும் சேர்ந்தால்தான் சரிப்படும்.

டீசலில் ஓடி, புகையை வெளியே தள்ளும் சூடேற்றி எங்களுக்குப் பிடித்தது. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கும் பிள்ளை எழவே எழாது. அதற்கான எச்சரிக்கைக் கருவி வண்டியில் இல்லையென்றால் வாங்கிய அன்றே வாங்கி மாட்டுங்கள்.

கரண்டு எங்கிருந்து வரும்? மிக்சி ஓடுமா?

வண்டிக்கு இரண்டு பேட்டரி. ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி எல்லாம் வீட்டுப் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும். கூரையில் இருக்கும் சூரியத்தகடு அதை நிரப்பும். மிக்சி, முடி உலர்த்தி, மின்சார அரிசிக் குக்கர் அதில் ஓடாது. முகாமில் காசு கட்டி மின்கம்பி இணைத்த அன்று தேங்காய்ச் சட்னி. மற்ற நாள் பொடி.

குளிர்பெட்டியைக் கவனியுங்கள். எரிவாயுவிலும் ஓடும் மூவழிக் குளிர்பெட்டி, வண்டி சரிவில் நின்றால் சரியாகக் குளிராது. மகனுக்குப் பால் கெடக்கூடாது என்பதால் 12 வோல்ட் கம்ப்ரசர் வைத்த வண்டியைத் தேடி எடுத்தோம்.

வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதா?

மூன்று மாதத்துக்குள் என்றால் வாடகை. அதற்கு மேல் என்றால் வாங்கி விற்பது, இது என் கணக்கு. சுற்றுலாப் பயணியும் அங்கே வண்டி வாங்கித் தன் பெயரில் பதியலாம். நாங்கள் வாங்கிய விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைத்து விற்றோம். கோடை தொடங்கும் முன் வாங்கினால் விலை அதிகம். இலையுதிர் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் தப்பான நேரத்தில் போனோம்.

எதுவும் முடிவுசெய்யும் முன் நாலு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஓர் ஊரில் சேர்ந்துவிட்ட வண்டிகளை இன்னோர் ஊருக்குத் திருப்பி ஓட்டிக் கொடுக்க, வாடகை நிறுவனங்கள் ஒருவழிப் பயணத்தை மிகக் குறைந்த காசுக்குத் தருவதுண்டு. நாள் கெடு கடுமையாக இருக்கும், ஆனால் பழகிப் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

பழைய வண்டியில எதைப் பார்க்கணும்?

பெல்ட்டைச் சொல்லிவிட்டேன். அடுத்தது ஈரம். மழை பெய்த மறுநாள் போங்கள். கூரை மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் மக்கிவிட்டது. மெத்தையைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

டீசல் வண்டி என்றால் சாலைக் கட்டணம். அங்கே டீசல் வண்டிக்கு ஓடும் தூரத்துக்கு முன்கூட்டியே, ஆயிரம் கி.மீ. கணக்கில் கட்ட வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் எதுவரை கட்டியிருக்கிறது என்று இருக்கும். மீட்டர் அதைத் தாண்டியிருந்தால் பழைய பாக்கி உங்கள் தலையில் விழலாம். விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, யாரும் சொல்லாதது. ஐரோப்பாவில் செய்த சில வண்டிகளில் வீட்டுக்கதவு வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓரமாக நிறுத்தினால் அந்தக் கதவு சாலைக்குள் திறக்கும். நடக்கப் பழகும் பிள்ளை நேராகப் போக்குவரத்தில் இறங்கும். கதவு இடப்பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

என்கிட்ட கிளாஸ் 3 லைசென்ஸ்தான் இருக்கு. போதுமா?

நம் ஊர்க் கார் உரிமமான கிளாஸ் 3 என்பது காலி எடை 3,000 கிலோ வரையுள்ள கார், 2,500 கிலோ வரையுள்ள மற்ற வாகனம். நியூசிலாந்துக்காரரின் சாதாரணக் கார் உரிமம் 6,000 கிலோ மொத்த எடை வரை போகும் என்பதால், விற்பவர்கள் 'கார் லைசென்ஸ் போதும்' என்று சொல்லிவிடுவார்கள். அது அவர்கள் உரிமத்துக்குச் சரி. உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய மோட்டார்ஹோமின் காலி எடை 3,000-ஐத் தாண்டுவது சகஜம்.

வண்டியின் எடையைச் சொல்லி, உங்கள் உரிமத்தின் படத்தையும் அனுப்பி, காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். நம் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. வாகனக் காப்புறுதி அங்கே சட்டப்படி கட்டாயமில்லை; அதைக் கேட்டுவிட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கடற்கரையில சும்மா நிறுத்திப் படுத்துக்கலாமாமே?

சில இடங்களில் முடியும். ஆனால் வண்டிக்குப் பச்சை வில்லை வேண்டும், அதாவது தண்ணீரையும் கழிவையும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வசதி உண்டு என்ற சான்று. 2023-இல் வந்த சட்டப்படி, கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். தூக்கிவைக்கும் பானைக் கழிவறை கணக்கில் வராது. கட்டிலை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். விளம்பரத்தில் 'பச்சை வில்லை உண்டு' என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை பேருக்கு என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு பேருக்கான வில்லையை வைத்துக்கொண்டு நாலு பேர் படுத்தால் அபராதம் வரும். அது 400 டாலரிலிருந்து தொடங்கும். ஒவ்வோர் ஊராட்சியும் தனக்கென்று தடையும் போட்டிருக்கும்.

நாங்கள் வாரத்தில் இரண்டு இரவு இலவச இடம், மூன்று இரவு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் எளிய முகாம், இரண்டு இரவு மின்சாரமும் துவைக்கும் இயந்திரமும் உள்ள விடுமுறை முகாம் என்று ஓட்டினோம். மேற்குக் கரையில் கடிக்கும் மணல் ஈ கொசுவைத் தோற்கடித்துவிடும். கதவுக்கு வலைத்திரை இல்லாத வண்டியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

விசா? வேலை? அவர் ஆபீஸ்ல விட்டாங்களா?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் மின்னியல் பயண அனுமதி எடுத்துக்கொண்டு மூன்று மாதம் வரை இருக்கலாம். எங்களைப் போல் அதற்கு மேல் என்றால் வருகையாளர் விசா. 2025 ஜனவரி 27 முதல் வருகையாளர் விசாவில் இருப்பவர் வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை பார்க்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 90 நாளைத் தாண்டினால் வரிப்பக்கம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணவர் பாதி நாள் வேலை, பாதி சம்பளம் இல்லா விடுப்பு. கோடையில் அங்கே நம்மைவிட ஐந்து மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது அங்கே மதியம் இரண்டு. காலை முழுக்கப் பிள்ளைகளோடு ஏரியில், மதியம் பிள்ளைகள் தூங்கும்போது அவர் முன் இருக்கையைத் திருப்பிப்போட்டு மடிக்கணினியோடு உட்காருவார். முன் இருக்கை சுழலும் வண்டியாகப் பாருங்கள் என்று சொல்ல மறந்தேபோனேன்.

பிள்ளைங்க பள்ளிக்கூடம் என்ன ஆகுறது? வீட்டை வாடகைக்கு விட்டீங்களா?

பாலர் பள்ளி வயதில் போய்விடுவது உத்தமம். தொடக்கநிலை 1 (ஒன்றாம் வகுப்பு) தொடங்கிவிட்டால் கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது. நினைத்தபடி ஐந்து மாதம் கிளம்ப முடியாது. பதிவு முந்தைய ஆண்டின் நடுவிலேயே இணையம் வழியாக நடக்கும், அந்தத் தேதியை மட்டும் ஊர் சுற்றும் ஜோரில் விட்டுவிடாதீர்கள்.

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், வாடகையும் குறைந்தது ஆறு மாதத்துக்கு. நிரந்தரவாசி முழு வீட்டை விட முடியாது. நாங்கள் ஐந்து மாதம் என்பதால் அந்த வழி அடைபட்டது. மாமியார் வந்து இருந்தார். எங்கள் செடிகள் முன்பைவிட நன்றாக இருந்தன.

உடம்புக்கு ஏதாவது வந்தா?

விபத்தில் காயம் என்றால் அந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் அங்கே சிகிச்சை தரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு அதில் வராது. அதனால் பயணக் காப்புறுதி எடுத்துத்தான் ஆகவேண்டும். அவசர எண் 111. சில மலைச்சாலைகளில் கைப்பேசிக் கோடே இருக்காது. மகனுக்குச் சளி பிடித்த வாரம் நாங்கள் ஊரைவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விலகவில்லை.

அவ்வளவு சின்ன இடத்துல நாலு பேரும் சண்டை போடாம இருந்தீங்களா?

இல்லை. வனாக்காவில் மூன்று நாள் விடாமல் மழை. ஈர ஜாக்கெட் நாலு, ஈரக் காலணி நாலு ஜோடி, காயவைக்க இடம் குளியல் மூலை மட்டும். அதற்குள் மகன் கழிவறைக் கதவைத் திறந்து மூடி விளையாட, மகள் வண்ணப்பென்சிலைத் தரையெல்லாம் கொட்ட, நானும் கணவரும் ஒரு கரண்டி எங்கே போனது என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். கரண்டி இருந்த இடம் காலணிக்குள்.

அதிர்ஷ்டவசமாக, வாங்கும்போதே இதை ஓரளவு யோசித்திருந்தோம். இரண்டாவது வண்டியைப் பார்க்கப் போன அன்றும் மழை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, நாலு பேரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தோம். சாப்பிட்டோம், டயப்பர் மாற்றினோம், ஒருவர் கழிவறைக்குப் போகும்போது மற்றவர் எங்கே ஒதுங்குவது என்று பார்த்தோம். பாவம், அவர் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். இறங்கும்போது பார்த்தால் மகன் ஒரு ஜன்னல் கொக்கியை உடைத்துவிட்டிருந்தான். பேரம் பேசலாம் என்று போன நாங்கள், கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வந்தோம்.